முன் ஆக்சில் எங்கே தோற்கிறது? அறிகுறியை வைத்து, அதிகச் செலவில்லாமல் பலப்படுத்தும் வழி

பாறை, சேறு, ஆற்றுப் படுகை என்று ஏறி இறங்கும் வண்டிக்கு முன் ஆக்சிலைப் பலப்படுத்த நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் சக்கரத்தைச் சுழற்றும் உள் தண்டான ஷாஃப்டில்தான். விலை கூடிய ஷாஃப்டாகப் பார்த்து வாங்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்த தடவை ஷாஃப்ட் தாங்கிவிடும், டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் பல் உதிரும். கிரவுனை மாற்றினால் ஹவுசிங், அதாவது ஷாஃப்டை மூடியிருக்கும் வெளிக்கூடு, வளையும். ஒன்றைத் தடியாக்கினால் உடைப்பு பக்கத்துப் பாகத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். அதனால் பணத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் வண்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் தெரிவது எதுவோ நேராக அங்கே போகலாம்.

இது இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே ஹவுசிங் இணைக்கிற முழு ஆக்சிலுக்கான பேச்சு. சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் ஒரு கணக்கு

இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.72, ஆக்சில் விகிதம் 3.73. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. இது நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து. ஆனால் சக்கரம் அவ்வளவையும் வாங்கிக்கொள்வதில்லை, அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். 33 அங்குல டயருக்கு ஆரம் ஏறக்குறைய 0.42 மீட்டர். அந்தச் சக்கரத்தின் மேல் 500 கிலோ எடை, நல்ல பிடிமானம் என்றால் சுமார் 2,000 நியூட்டன் மீட்டரில் டயர் சுழன்றுவிடும்.

இந்த வழுக்கல்தான் ஷாஃப்டைக் காப்பாற்றுகிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே டயர் சிக்கிக்கொண்டால் வழுக்க இடமில்லை. முன்னால் லாக்கர் (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் சாதனம்) இருந்து எதிர்ச் சக்கரம் காற்றில் தொங்கினால், முன் ஆக்சிலுக்கு வந்த விசை முழுவதும் சிக்கிய பக்க ஷாஃப்டுக்கே போகும். ஸ்டீயரிங் முழுக்க ஒடித்திருந்தால் இன்னும் மோசம். உடைப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றும் சேர்கிற அந்த ஒரு நொடியில்தான் நடக்கின்றன. டயரைப் பெரிதாக்கினால் கணக்கில் ஆரம் கூடும், வழுக்கும் எல்லையும் அதோடு கூடும், ஷாஃப்ட் வாங்கும் சுமையும் கூடும். 

அறிகுறி: வளைத்துத் திருப்பும்போது டிக் டிக் சத்தம், ஸ்டீயரிங்கில் துடிப்பு

சந்தேகப்பட வேண்டியது நக்கிளுக்குள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் முனைப் பாகம்) இருக்கும் கிராஸ், அதாவது உள் ஷாஃப்டையும் வெளி ஷாஃப்டையும் இணைக்கும் சிலுவை வடிவ மூட்டு. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைத் திருப்பிவிட்டு நக்கிளின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கிராஸின் நான்கு கப்புகளைச் சுற்றிச் செம்மண் மாதிரி துருத்தூள் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று பொருள். ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்கிப் பாருங்கள். கிராஸில் துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

கிராஸ் உடைவதற்கு முந்தைய கட்டம் கப் நகர்வது. கப்பைப் பிடித்திருக்கும் சின்ன கிளிப் தெறித்துவிடும், கப் மெல்ல வெளியே நடக்கும், ஒரு சுற்றில் நக்கிளில் இடிக்கும், கிராஸைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட் முனையின் காது பிய்ந்துபோகும். சில சமயம் நக்கிளைத் தாங்கித் திரும்பவிடும் பால் ஜாயின்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். இதைத் தடுக்க மிகக் குறைந்த செலவில் இரண்டு வழி உண்டு. ஒன்று, அரை வட்டக் கிளிப்புக்குப் பதிலாக முழு வட்ட ஸ்நாப் ரிங். அதற்கு ஷாஃப்டின் காதில் உட்புறம் கொஞ்சம் கடைய வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு கப்பின் விளிம்பையும் காதோடு இரண்டு இடத்தில் சின்னப் பொட்டு வெல்டு. ஈரத்துணி சுற்றிக்கொண்டு, தொட்டு எடுக்கிற மாதிரி வைக்க வேண்டும். நீண்ட நேரம் காட்டினால் உள்ளே கிரீஸும் சீலும் போய்விடும். அடுத்த தடவை கிராஸ் மாற்றும்போது கிரைண்டரால் அந்தப் பொட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த வேலைக்குச் சம்மதம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

கிராஸ் வாங்கும்போது கிரீஸ் நிப்பிள் இல்லாத வகையாகப் பாருங்கள். நிப்பிளுக்காகத் துளைத்த கிராஸின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். டானா 30, டானா 44 (டானா நிறுவனத்தின் ஆக்சில் வகைகள், எண் கூடக் கூட அளவும் பெரிது) இரண்டிலும் பரவலாகப் போடும் ஸ்பைசர் 760 வகை இப்படித் துளை இல்லாததுதான். பழைய 297 வகை இருந்த இடத்தில் அப்படியே உட்காரும்.

அப்புறம் சக்கரம் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டீயரிங் ஸ்டாப் போல்டு. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. சக்கரத்தை முழுக்கத் திருப்பி, ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கக் காதுகளும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? தொட்டால் ஸ்டாப் போல்டை ஓரிரு சுற்று வெளியே எடுத்துப் பூட்டுங்கள். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், ஆனால் காது பிழைக்கும். இதற்கு ஒரு ஸ்பானர் போதும்.

கிராஸ் இல்லாமல் உருண்டைப் பந்துகளோடு இயங்கும் சிவி ஜாயின்ட் இருந்தால், அதே டிக் டிக் கூண்டில் வெடிப்பு விழுந்ததைக் குறிக்கலாம். நக்கிளுக்குள் கிரீஸ் கஞ்சி மாதிரி நீர்த்திருந்தால் உள் ஆயில் சீல் போய், கியர் ஆயில் கலந்துவிட்டது. சீலை மாற்றாமல் கிரீஸ் மட்டும் நிரப்புவது வீண்.

அறிகுறி: ஷாஃப்ட் உடைந்துவிட்டது, அல்லது உடையப் போகிறதோ என்ற பயம்

உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதன் முகத்தில் கதை எழுதியிருக்கும். முறிவு முழுக்கச் சொரசொரப்பாக, சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி இருந்தால் ஒரே அடியில் போனது. ஒரு ஓரத்தில் மழமழவென்று அலை அலையாகக் கோடுகள், மீதியில் சொரசொரப்பு என்றால் வெடிப்பு பல நாளாக வளர்ந்து வந்திருக்கிறது. முதலாவது என்றால் ஓட்டிய விதமோ ஷாஃப்டின் தடிமனோ காரணம். இரண்டாவது என்றால் ஷாஃப்ட் வயதாகிவிட்டது, அல்லது ஹவுசிங் வளைந்து ஒவ்வொரு சுற்றிலும் அதை வளைத்துக்கொண்டிருக்கிறது.

உடைவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. ஷாஃப்டைக் கழற்றும்போது நன்றாகத் துடைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேர்கோடாக வெள்ளை பெயின்ட் இழுத்துவிடுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது கோட்டைப் பாருங்கள். நேராக இருந்தால் நிம்மதி. கொடி சுற்றின மாதிரி சாய்ந்திருந்தால் இரும்பு முறுக்கிக்கொண்டுவிட்டது, இனித் திரும்பாது. என் வண்டியில் ஒரு முறை வலது பக்க உள் ஷாஃப்டில் கோடு கட்டைவிரல் அகலத்துக்கு நகர்ந்திருந்தது. ஓட்டும்போது ஒரு சத்தமும் இல்லை, ஒரு அதிர்வும் இல்லை. ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் இருக்கும் பற்களான ஸ்ப்லைனை விரல் நகத்தால் தடவியபோதுதான் பற்கள் நுனியில் லேசாக வளைந்திருந்தது தட்டுப்பட்டது. அன்றைக்கே மாற்றினேன்.

மாற்றுவது என்று வந்தால் தடிமனைப் பாருங்கள், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் முப்படியாகக் கூடுகிறது. டானா 30 ஷாஃப்டில் 27 ஸ்ப்லைன், விட்டம் 1.16 அங்குலம். டானா 44இல் 30 ஸ்ப்லைன், 1.31 அங்குலம். டானா 60இல் 35 ஸ்ப்லைன், 1.5 அங்குலம். பார்க்க ஒவ்வொன்றும் மயிரிழை வித்தியாசம் மாதிரி இருக்கும். கணக்கில் ஒரே இரும்பாக இருந்தாலே 1.16இலிருந்து 1.31க்குப் போனால் சுமார் 44 சதவீதம் கூடுகிறது, அங்கிருந்து 1.5க்குப் போனால் இன்னும் 50 சதவீதம்.

அதே விட்டத்தில் 4340 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த பலமான எஃகு) ஷாஃப்ட் போடுவதும் நல்ல வழிதான். ஆனால் உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று தரம் கலக்கும்போது எது முதலில் போகும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஷாஃப்டைச் சக்கரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப் இருக்கிற வண்டியில் ஹப் முதலில் போவதுதான் நல்லது. கையில் எடுத்துப்போகலாம், பாதையிலேயே மாற்றலாம். கிரவுனை அப்படி மாற்ற முடியாது. கையில் பணம் குறைவாக இருந்தால், ஒரிஜினல் ஷாஃப்டை வைத்துக்கொண்டு, கிராஸோடு பூட்டிய ஒரு ஜோடி பழைய ஷாஃப்டை வண்டியில் போட்டுவைப்பதுதான் என் யோசனை.

அறிகுறி: டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது, சீல் மாற்றி மாற்றிப் போட்டாலும் ஆயில் கசிகிறது, ஷாஃப்ட் நுழைய மறுக்கிறது

இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. குதித்து இறங்கும்போது வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாகக் குழாயின் நடுப்பக்கத்தை அழுத்துகிறது, முனைகள் மேலே எழும்புகின்றன. சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. ஷாஃப்ட் சீலின் நடுவில் சுழலாமல் ஓரத்தைத் தின்கிறது. எத்தனை சீல் போட்டாலும் இதே கதிதான்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள், டயர் காற்று இரு பக்கமும் ஒரே அளவு. முதலில் பால் ஜாயின்டிலும் வீல் பேரிங்கிலும் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். அப்புறம் நேரான ஒரு சட்டத்தை ரிம்முக்கு எதிரே செங்குத்தாக, மட்டப்பலகை வைத்து நிறுத்தி, சட்டத்திலிருந்து ரிம்மின் மேல் விளிம்பு எவ்வளவு தூரம், கீழ் விளிம்பு எவ்வளவு தூரம் என்று தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். 16 அங்குல ரிம்மில் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 1 டிகிரி சாய்வு. இந்தச் சாய்வுக்குத்தான் கேம்பர் என்று பெயர். அரை டிகிரிக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஒரு பக்கம் 1 டிகிரியைத் தாண்டி உள்ளே சாய்ந்து, மறு பக்கம் சரியாக இருந்தால் அந்தப் பக்கக் குழாயோ, முனையில் இருக்கும் சி வடிவ வார்ப்போ வளைந்திருக்கிறது.

முன் ஆக்சிலில் குறைந்த பணத்துக்கு நிறையப் பலன் தரும் வேலை இங்கேதான் இருக்கிறது. தேவைப்படுவது இரும்புத் தகடும் வெல்டிங் கம்பியும் பொறுமையும். மூன்று விதமாகச் செய்யலாம். குழாயின் மேல் முதுகெலும்பு மாதிரி ஒரு டிரஸ் கட்டலாம். குழாய்க்குள் இறுக்கமாக இன்னொரு குழாயைச் செலுத்தி, வெளியே துளைகள் போட்டு அவற்றின் வழியாக வெல்டு நிரப்பலாம். சி வார்ப்பின் மேலும் கீழும் முக்கோணத் தகடு வைத்து முட்டுக் கொடுக்கலாம். மூன்றையும் செய்ய முடியாது என்றால் நான் முட்டுத் தகட்டோடு டிரஸை எடுத்துக்கொள்வேன். உள் குழாய் போடுவதற்கு ஷாஃப்டுக்கும் சீலுக்கும் இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும், சில ஆக்சிலில் மிஞ்சாது. வளைந்த ஹவுசிங்கை நிமிர்த்தாமல் டிரஸ் போட்டால் அந்த வளைவையே நிரந்தரமாக்குகிறீர்கள் என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

வெல்டு செய்யும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. ஆயிலை வடித்து, ஷாஃப்ட், சீல் எல்லாம் வெளியே. எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், மின்சாரம் பேரிங் வழியாகப் போகக்கூடாது. டிரஸைப் பொட்டு வைத்து நிறுத்தி, ஆக்சிலைத் தடித்த இரும்புச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். பிறகு ஒரு அங்குல நீளத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். இடது முன்புறம் ஒன்று, வலது பின்புறம் ஒன்று, மறுபடி இடது பின்புறம் என்று இடம் மாற்றி மாற்றி. கை வைத்தால் சூடு பொறுக்கிற அளவு ஆறட்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. குழாயின் மேல் பக்கம் மட்டும் நீளமாக வெல்டு ஓட்டினால் அது ஆறும்போது சுருங்கி, முனைகளை மேலே இழுக்கும். எந்த வளைவைத் தடுக்க வந்தோமோ அதையே நம் கையால் செய்த கதையாகிவிடும்.

நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் கூடு வார்ப்பு இரும்பு, குழாய் சாதா இரும்பு. இரண்டையும் இணைப்பது தனி வேலை. குழாய்கள் கூட்டுக்குள் அழுத்திச் செருகப்பட்டு, சில பொட்டு வெல்டுகளால் மட்டுமே பிடித்திருக்கும். கடும் சுமையில் குழாய் கூட்டுக்குள் சுழன்றுவிடுவதும் உண்டு. கேஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது நக்கிள் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மாறினால் அதுதான். இதை வெல்டு செய்ய கூட்டை 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, நிக்கல் கம்பியால், சின்னச் சின்னதாக வைத்து, ஒவ்வொன்றையும் சுத்தியால் லேசாகத் தட்டி, கடைசியில் காய்ந்த மணலுக்குள்ளோ வெப்பம் தாங்கும் போர்வைக்குள்ளோ மெதுவாக ஆறவிட வேண்டும். சாதாரணக் கம்பியால் குளிர்ந்த வார்ப்பில் வைத்த வெல்டு, ஆறும்போதே பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விடும். பழக்கம் இல்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் வார்ப்பு இரும்பு வெல்டு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: சாலையில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் ஆடுகிறது

இதற்கு ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை மாற்றுபவர்கள் அதிகம். டேம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சம் அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து டிராக் பாரின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்திருக்கும் கம்பி) இரண்டு முனைகளிலும் விரல் வைத்துப் பாருங்கள். புஷ் நசுங்குவதும் போல்டு துளைக்குள் நகர்வதும் விரலுக்குத் தெரியும். துளை முட்டை வடிவமாகியிருந்தால் புது போல்டு மட்டும் போட்டுப் பயனில்லை. சரியான அளவுத் தடித்த வாஷரைப் பிராக்கெட்டின் இரு பக்கமும் வெல்டு செய்து துளையை மீட்கலாம். அடுத்து பால் ஜாயின்ட், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள், டயர் பேலன்ஸ். உயரம் ஏற்றிய வண்டி என்றால் கேஸ்டர் குறைந்திருக்கும். 5 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் கன்ட்ரோல் ஆர்மை நீட்டிச் சரிசெய்யலாம், ஆனால் பினியன் (கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) கீழ்நோக்கித் திரும்பி முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும். இரண்டுக்கும் நடுவே ஒத்துப்போகும் இடத்தைத் தேட வேண்டும்.

அறிகுறி: பாறையில் இடித்த பிறகு ஸ்டீயரிங் நேராக, சக்கரங்கள் கோணலாக

டை ராடு வளைந்துவிட்டது. பாதையில் இருக்கும்போது ஒரு எல் ஆங்கிளை ராடோடு சேர்த்து யு போல்டால் கட்டி, மெதுவாக வீடு வந்து சேரலாம். வந்தபின் நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், ஒருமுறை வளைந்த ராடு அடுத்த முறை இன்னும் சுலபமாக வளையும். 1.25 அங்குல விட்டம், கால் அங்குலச் சுவர் உள்ள தடித்த தையலில்லாக் குழாயில் இடது, வலது மறைகள் கடைந்து செய்துகொண்டால் நீண்ட நாளைக்குப் பேச்சே இருக்காது. இரண்டு துண்டை முட்டவைத்து வெல்டு செய்த ராடு வேண்டவே வேண்டாம். அது போனால் ஸ்டீயரிங்கே போனது. பொருத்திய பின், இரண்டு முன் டயர்களுக்கும் இடையே உள்ள தூரம் அவற்றின் முன்புறத்தில் பின்புறத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி டோவைச் சரிசெய்யுங்கள்.

ராடை நக்கிளுக்கு மேலே ஏற்றினால் பாறைக்கு எட்டாது. அப்படி ஏற்றும்போது ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்கும் (drag link) டிராக் பாரும் (track bar) ஒரே சாய்வில் இருக்கும்படி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

அறிகுறி: முன் பக்கம் ஊளைச் சத்தம், கியரை முன்னும் பின்னும் மாற்றும்போது டங்கென்று இடி, ஆயில் பால் மாதிரி

பால் நிறம் என்றால் தண்ணீர். ஓடிச் சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை இன்ஜின் பகுதியின் மேல்வரை நீட்டுங்கள். ஒரு ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும்தான் செலவு.

ஊளையும் இடியும் இருந்தால் டிஃபரென்ஷியல் கவரைத் திறந்து காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் பசை இயல்பானது, பல்லின் சில்லுகள் இயல்பல்ல. கிரவுனை டயல் கேஜ் இல்லாமல் அமைக்கவே கூடாது. பேக்லாஷ் (கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே பற்களில் இருக்கும் ஆட்டம்) பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் வரும், உங்கள் ஆக்சிலின் கையேட்டு அளவே கடைசி வார்த்தை. பழைய ஆக்சில் தேடும்போது ஹை பினியன் (பினியன் கிரவுனின் நடுவுக்கு மேலே அமைந்த வகை) கிடைத்தால் விடாதீர்கள். முன் ஆக்சிலில் அதன் பற்கள் முன்னோக்கி ஓடும்போது பலமான முகத்தில் சுமை வாங்கும். லோ பினியன் அங்கே பலவீனமான முகத்தில் ஓடுகிறது. டிஃபரென்ஷியலை வெல்டு செய்து பூட்டுவது பின்னால்கூட யோசிக்க வேண்டிய விஷயம். முன்னால் செய்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பவே விடாது.

பழுது பார்ப்பதை எப்போது நிறுத்துவது

33 அங்குல டயர், லாக்கர் இல்லை, நிதானமான கால் என்றால் டானா 30 அளவிலான ஆக்சிலை டிரஸ், முட்டு, நல்ல கிராஸ் போட்டு வைத்துக்கொள்ளலாம். 35 அங்குலமும் லாக்கரும் என்றால் அதில் மேலும் பணம் போடுவதை நான் நிறுத்திவிடுவேன். அந்த ஆக்சிலின் கிரவுன் விட்டம் சுமார் 7.2 அங்குலம், டானா 44இல் 8.5, டானா 60இல் 9.75. ஷாஃப்டை மாற்றலாம், கிரவுனின் அளவை மாற்ற முடியாது.

பழைய வண்டியிலிருந்து பெரிய ஆக்சில் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை: டிஃபரென்ஷியல் உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கும் அதே பக்கத்தில் இருக்கிறதா, பின் ஆக்சிலின் விகிதமும் இதுவும் ஒன்றா, அகலம், வீல் போல்டு வட்டம், ஸ்பிரிங் உட்காரும் இடம். முன்னால் 4.10, பின்னால் 3.73 என்று பூட்டிவிட்டால் நான்கு சக்கரத்தில் ஓட்டிய உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் அளந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கூடவே கவரைத் திறந்து பல்லையும், முனையில் பால் ஜாயின்ட் துளைகளையும் பாருங்கள்.

எந்த வேலை முடித்தாலும் முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். வெல்டு ஓரங்களைத் துடைத்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேம்பரை மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது ஒப்பிட அந்த எண்ணும், ஷாஃப்டில் இழுத்த வெள்ளைக் கோடும் இருக்கும்.